பெயர் சொல்லாக் காசுகள்



இன்று உங்களோடு பழங்காசுகளைப் பற்றிச் சிறிது பேச விரும்புகின்றேன். பழங்காசுகளிலும் ஒரு வகையே என் பேச்சுக்குப் பொருள். தம்மை வெளியிட்ட அரசன் இன்னான் என்று சொல்லாது, ஒரு புனிதரின் திருவுருவையோ, ஒரு புண்ணியத் தலத்தின் பெயரையோ மாத்திரம் தாங்கிநிற்கும் காசுகள் சில உள. அத்தகைய காசுகள் இரு நாடுகளில் வழங்கிய வரலாற்றைக் கூறுவேன். ஒன்று, ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜேர்மனி நாட்டில் கிறித்தவ மேற்றிராணிமாரும் கன்னியர் மடத்துத் தலைவிமாரும் வெளியிட்ட வெள்ளிக் காசு. மற்றையது, யாழ்ப்பாணத்திலிருந்து ஆண்ட நம் தமிழ் மன்னர் வெளியிட்ட சேதுக் காசு.

எங்கேயோ இருக்கும் ஜேர்மனியையும் நம் யாழ்ப்பாணத்தையும் ஏன் ஒன்றாக எடுத்துக்கொண்டேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் வன்னியில் இருக்கிறது. கிளிநொச்சி மாவட்டத்திலே அக்கராயன் என்னும் ஊரைப் பலரும் அறிவீர்கள். குளமும் வயலும் காடும் சூழ்ந்த ஊர். அக்கராயன் என்னும் சிற்றரசன் ஒருவன் ஆண்டமையால் ஊருக்கும் குளத்துக்கும் அப்பெயர் வந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. இத்தகைய ஊர்களின் சரித்திரம் ஏட்டில் இருப்பதிலும் பார்க்க மண்ணில் இருப்பதே அதிகம். கமக்காரர் வயலை உழுகின்றார், புதிதாகக் குடியேறியவர் கிணறு வெட்டுகின்றார், குளக்கட்டைத் திருத்துகின்றார்கள். அப்பொழுது பச்சை பூத்த செப்புக்காசு ஒன்று மண்ணோடு மேலே வருதல் கூடும். எடுத்தவர் அதைப் புளியிட்டுத் தேய்த்துப் பார்க்கின்றார். அரசன் பெயர் ஒன்றும் தெரியவில்லை. பின்னர் அது பிள்ளைகளின் கைக்கு விளையாட்டுப் பொருளாகின்றது. அல்லது பழைய செப்பு வாங்குவோனுடைய சாக்குக்குள் போய்விடுகின்றது. பெயர் சொல்லாத அந்தக் காசைப் பேசவைக்க வழி உண்டா? உண்டு என்று இரு நாட்டு அறிஞர்களும் செய்துகாட்டினர். அவர்கள் கண்ட வழி ஒன்றே. அதனைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஜேர்மனிக்குச் செல்வோம்.

சமயத் தலைவர் காசு அடிப்பதா என்ற ஐயம் நமக்கு எழுவது இயல்பு. நம் நாட்டில் ஆதீனத் தலைவர்களும் மடாதிபதிகளும் நிலமும் நெல்லும் உடையவர்களாய் இருந்தனர். நாணயச்சாலை உடையவர்களாய் இருந்ததில்லை. ஜேர்மனியின் நிலைமை வேறு. 10ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட முதலாம் ஒட்டோவும் அவன் வழிவந்தோரும் தம் ஆட்சிக்குத் துணையாக மேற்றிராணிமாரைத் தெரிந்துகொண்டனர். மேற்றிராணியாரை இக்காலத்தில் ஆயர் என்பர். ஒரு பிரபுவுக்கு நாட்டின் ஒரு பகுதியைக் கொடுத்தால், அவன் இறந்தபின் அவன் மகன் அதனை உரிமை கொண்டாடுவான்; நாளடைவில் அரசனையே எதிர்ப்பான். துறவு பூண்ட மேற்றிராணியாருக்கோ உரிமை கேட்க மகன் இல்லை. அவர் இறந்தபின் அப்பதவிக்கு வேறொருவரை அமர்த்துவதில் அரசனுக்குக் கை இருந்தது. ஆகவே சந்தை கூட்டவும் சுங்கம் அறவிடவும் காசு அடிக்கவும் உரிய அதிகாரத்தை அவர்களுக்கு வழங்கினர்.

ஒருமுறை கொடுத்த அதிகாரம் பின்பு மீளவில்லை. 1220ஆம் ஆண்டில் இரண்டாம் பிரெடெரிக்கு மன்னன், சமயத் தலைவர்களின் ஆட்சிப் பகுதிகளில் அவர்களது சம்மதமின்றிப் புதிய சுங்கச்சாவடியோ நாணயச்சாலையோ அமைப்பதில்லை என்று சாசனம் எழுதிக் கொடுத்தான். மைன்சு, கொலோன், திரியர் ஆகிய மூன்று நகரங்களின் அதிமேற்றிராணிமார் பேரரசனைத் தெரிவுசெய்யும் எழுவருள் மூவராயும் விளங்கினர். இச்சமயக் குருமாரின் அரசாட்சி நெப்போலியன் காலத்தில், 1803ஆம் ஆண்டிலே தான் ஒழிந்தது. அதுவரை ஒரு கையில் செங்கோலும் மறு கையில் மேய்ப்பர் கோலுமாக அவர்கள் ஆண்டனர் என்று சொல்லலாம்.

அவர்கள் அடித்த காசு வெள்ளியால் ஆயது. பெனிக் என்பது அதன் பெயர். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேன் என்னும் பேரரசன் ஓர் இறாத்தல் வெள்ளியிலிருந்து 240 காசு அடிக்கவேண்டும் என்று விதித்தான். ஒரு பவுணுக்கு 240 பென்சு என்று இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டுவரை எண்ணிவந்தார்களே, அந்தக் கணக்கின் வேர் இவ்விதியில்தான் இருக்கின்றது. வெள்ளிக்கும் ஜேர்மனியில் பஞ்சமில்லை. ஹார்ட்ஸ் மலையின் அடிவாரத்தில் கொசுலார் என்னும் நகருக்கு அருகே 10ஆம் நூற்றாண்டு முதல் வெள்ளி அகழ்ந்தனர். 1168ஆம் ஆண்டில் சாக்சனியிலுள்ள பிறைபேர்க் என்னுமிடத்திலும் வெள்ளி வெளிப்பட்டது. வெள்ளி வந்தவழியே நாணயச்சாலைகளும் பெருகின.

12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அப்பகுதியில் புதுவகைக் காசு ஒன்று தோன்றியது. சாதாரணமாகக் காசின் இருபுறமும் முத்திரை இருக்கும். இப்புதுக்காசோ வெற்றிலைபோல் மெல்லிய வெள்ளித் தகடு. அதனை மெத்தென்ற ஒரு பொருளின்மேல் வைத்து, ஒரேயொரு முத்திரையால் ஒருபுறமாக அடிப்பர். ஒருபுறத்தில் உருவம் புடைத்து எழும். மறுபுறத்தில் அதே உருவம் பள்ளமாகத் தோன்றும். நிறை ஒரு கிராமுக்கும் குறைவு. ஆயினும் அகலம் பெரிது. கையால் வளைத்தால் வளையும். மெல்லிய தகடு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிராக்தியேட் என்ற பெயரைப் பிற்கால அறிஞர் இதற்கு இட்டனர். அரைக் காசு தேவைப்பட்டால் இரண்டாக வெட்டிக்கொள்வார்கள்.

இந்த மெல்லிய தகட்டிலே அக்காலத்துப் பொற்கொல்லர் காட்டிய வேலைப்பாடு வியக்கத்தக்கது. கோபுரங்களுக்கு நடுவே சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் மேற்றிராணியாரைக் காண்கின்றோம். ஒரு கையில் வளைந்த கோல், மறு கையில் வேதப் புத்தகம். மக்டபேர்க் நகரத்துக் காசில் அந்நகரத்துத் திருச்சபையின் காவலரான போர்வீரர், புனித மௌரீசு, கொடி தாங்கி நிற்பார். ஹால்பர்ஸ்டாட் நகரத்துக் காசில் புனித ஸ்தேவான் தோன்றுவார். கல்லால் எறிந்து கொல்லப்பட்ட முதல் இரத்தசாட்சி அவர். ஆதலின் அவர் தலையைச் சுற்றி அக்கற்கள் புள்ளிகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். குவெட்லின்பூர்க் என்னும் ஊரிலோ கன்னியர் மடத்தின் தலைவியே ஆட்சித் தலைவி. 1138ஆம் ஆண்டு முதல் 1160ஆம் ஆண்டு வரை அம்மடத்தை ஆண்ட இரண்டாம் பெயாத்திரிசு, பின்னர் 1184 முதல் 1203 வரை ஆண்ட இரண்டாம் ஆக்னெசு ஆகிய பெண்மணிகள் தம் திருவுருவம் பொறித்த காசுகளை வெளியிட்டனர். மகளிர் தம் பெயராற் காசு வெளியிடுதல் உலகில் அரிதாய் இருந்த காலத்தில் இது நிகழ்ந்தது.

ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரத்துக் காசை இங்கே தனியாகச் சொல்லவேண்டும். அந்நகரத்துக் காசில் ‘புனித கொலோனியா’ என்று இலத்தீன் மொழியில் எழுதினர். நகரத்தின் பெயரையே திருநாமமாக எழுதுவது அவர் வழக்கம். கொலோன் நகரின் நிறைகல் ஒன்று, சுமார் 233 கிராம் அளவினது, ஜேர்மனி முழுவதிலும் வெள்ளியை நிறுக்கும் அளவாகப் பிற்காலத்தில் நிலைத்தது. திருநாமம் எழுதிய காசுக்கு அத்துணை மதிப்பு. மேற்றிராணியார் இன்று இருப்பார், நாளை இறப்பார். புனிதரும் புனிதத் தலமும் என்றும் இருப்பர் என்ற எண்ணமே அந்த மதிப்புக்கு அடிப்படை. இந்தப் ‘புனித கொலோனியா’ என்ற எழுத்தை நினைவில் வைத்திருங்கள். நம் ஊர்க் காசைப் பேசும்போது மீண்டும் இதற்கு வருவேன்.

ஆனால், புனிதர் உருவம் இருந்ததனால் அக்காசு நேர்மையானதாய் இருந்தது என்று நாம் எண்ணிவிடல் ஆகாது. 1152ஆம் ஆண்டு முதல் 1192ஆம் ஆண்டு வரை மக்டபேர்க் நகரில் விக்மன் என்பவர் அதிமேற்றிராணியாராய் இருந்தார். அவர் காலத்தில் ஆண்டுக்கு இருமுறை பழைய காசு செல்லாது என்று அறிவிப்பார்கள். மக்கள் தம்மிடமுள்ள பழங்காசைக் கொண்டுசென்று கொடுத்துப் புதுக்காசு வாங்கவேண்டும். பன்னிரண்டு பழங்காசு கொடுத்தால் ஒன்பது புதுக்காசு கிடைக்கும். மீதி மூன்றும் நாணயச்சாலையின் உரிமை. கையில் இருந்த பணத்தில் நாலில் ஒரு பங்கு, அரையாண்டுக்கு ஒருமுறை, வரியாகப் போயிற்று. ஆறுமாதம் மட்டுமே வாழவேண்டிய காசு ஆகையால், அது வெற்றிலைபோல் மெலிந்திருந்தது குறையாகத் தோன்றவில்லை. நகரத்தார் இத்தொல்லை பொறாது, பெருந்தொகை கொடுத்தாவது காசடிக்கும் உரிமையைத் தாமே வாங்கிக்கொள்ள முற்பட்டனர். அப்படி வாங்கி, அடிக்கடி மாற்றப்படாது வழங்கிய காசுக்கு ‘என்றுமுள்ள பெனிக்’ என்று பெயரிட்டனர். 1369ஆம் ஆண்டில் பெர்லின் நகரம் தன் கோமகனிடமிருந்து அவ்வுரிமையை விலைக்கு வாங்கியது.

இதிலிருந்து ஒரு விளைவு உண்டாயிற்று. பழங்காசெல்லாம் உருக்கப்பட்டபடியால் அவை எஞ்சியிருக்க வழியில்லை. இன்று நூதனசாலைகளில் நாம் காணும் பிராக்தியேட் காசுகள் எப்படித் தப்பின? போருக்கோ கள்வருக்கோ அஞ்சிய ஒருவர் பானையில் இட்டு நிலத்தில் புதைத்தார். திரும்பிவந்து எடுக்க அவருக்கு வாய்க்கவில்லை. அவ்வாறு மீளாதவர்களின் பானைகளே இக்காசுகளை நமக்குக் காத்துத் தந்தன. இடம்பெயரும் வேளையில் பொருளை மண்ணில் புதைத்துவிட்டுப் புறப்படும் துயரத்தை வன்னி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் அவர்கள் அதை அனுபவித்தவர்கள்.

இனி, பேசாக் காசைப் பேசவைத்த கதைக்கு வருவோம். இந்த மெல்லிய காசுகளில் பெரும்பாலானவற்றில் எழுத்தே இல்லை. சிலவற்றில் எழுத்துப்போன்ற கீறல்கள் உண்டு. வாசித்தால் பொருள் தருவதில்லை. அறிஞர் இவற்றை ஊமைக் காசு என்றே அழைத்தனர். கோலும் புத்தகமும் ஏந்திய உருவம் எத்தனையோ நகரங்களுக்குப் பொது. இன்ன காசு இன்ன நகரத்தது என்று எவ்வாறு துணிவது? 1860ஆம் ஆண்டில் அன்ஹால்ட் நாட்டிலே பிரெக்கிளேபன் என்னும் சிற்றூரில் ஒரு காசுப் புதையல் அகப்பட்டது. அதனை ஆராய்ந்த ஸ்டென்சல் என்பவர் 1862ஆம் ஆண்டில் அப்புதையலை முழுமையாக விவரித்து நூல் வெளியிட்டார். புதையல் சிதறாது ஒரே தொகுதியாக ஆராயப்பட்டமையால், எழுத்துள்ள காசு எழுத்தில்லாக் காசுக்குச் சாட்சியாயிற்று. இன்ன ஆண்டில் வாழ்ந்தவரின் பெயர் பொறித்த காசோடு ஒரே பானையில் கிடந்த ஊமைக் காசு, ஏறக்குறைய அதே காலத்தது என்பது தெளிவன்றோ? ஓரிடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மீண்டும் மீண்டும் அகப்படும் காசு, அவ்விடத்தது என்பதும் தெளிவு. இவ்வாறு புதையல் புதையலாக ஒப்பிட்டு, ஊமைக் காசுகளுக்கு ஊரும் காலமும் கண்டனர். காசின் மேலே இல்லாத செய்தியை, காசு கிடந்த மண் சொல்லிற்று.

இந்த வழியைக் கையிற்கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

வட இலங்கையில் பரவலாக அகப்படும் ஒருவகைச் செப்புக்காசு உண்டு. ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் எருது, அதன்மேல் பிறை. எருதின் கீழே தமிழ் எழுத்தில் இரண்டே எழுத்து: ‘சேது’. அரசன் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. சேது என்பது இராமேசுவரத்தையும், இராமபிரான் கடலில் அமைத்த அணை என்று பக்தர் போற்றும் திட்டுக்களையும் குறிக்கும் புண்ணியப் பெயர். கொலோன் நகரத்தார் ‘புனித கொலோனியா’ என்று எழுதியதுபோல, இங்கேயும் ஒரு திருத்தலத்தின் பெயரே காசின் மந்திரமாயிற்று.

இக்காசு யாருடையது? சேது என்ற சொல்லைக் கண்டவுடன் பலருக்கும் தோன்றக்கூடிய விடை, இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையது என்பதே. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை அப்படியே எண்ணினர். தமிழகத்துச் சேதுபதிகளின் பட்டியலில் இக்காசு சேர்ந்தது. யாழ்ப்பாணத்து அரசருக்குக் காசே இல்லை என்று முடிந்தது. சொந்தக் காசு அடித்தல் தன்னுரிமை உடைய அரசின் அடையாளங்களுள் ஒன்று. ஆகவே காசொன்றைத் தவறான இடத்தில் வைத்தமையால் ஓர் இராச்சியத்தின் தகுதியே குறைந்து தோன்றியது.

இத்தவற்றை எடுத்துக்காட்டியவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். 1875ஆம் ஆண்டில் மானிப்பாயில் சைவக் குடும்பத்திற் பிறந்து, கத்தோலிக்கத் துறவியாகிய பன்மொழிப் புலவர் அவர். யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட காசுகள் என்ற பொருளில் 1920ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் அவர் எழுதிய கட்டுரை, சேதுக் காசு யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையது என்று நாட்டியது. எருதையும் சேதுவையும் பொறித்த சைவ மன்னரின் காசுக்கு உரிமை தேடிக்கொடுத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நாம் மகிழ்ந்து நினைக்கவேண்டிய செய்தி. 1924ஆம் ஆண்டில் கொட்றிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதிய பெருநூலிலும், 1926ஆம் ஆண்டில் முதலியார் செ. இராசநாயகம் எழுதிய பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய நூலிலும் இக்காசுகள் ஆராயப்பட்டன.

அவர்கள் துணிவுக்கு ஆதாரங்கள் யாவை? முதலாவது, காசின் அமைப்பு. நிற்கும் மனித உருவம் இராசராச சோழன் காலந்தொட்டு இலங்கையில் வழங்கிய காசுகளில் வருவது; பராக்கிரமபாகு முதலிய சிங்கள மன்னரும் அதனையே பின்பற்றினர். சேதுக் காசு அந்த மரபின் பிள்ளை. சோழரும் சிங்கள மன்னரும் நாகரி எழுத்தைப் பொறித்த இடத்தில் இது தமிழெழுத்தைப் பொறித்தது. இராமநாதபுரத்துச் சேதுபதிகளோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரை நாயக்கர் காலத்தில், தலையெடுத்தவர்கள். காசின் அமைப்பு அவர்களுக்கு முந்திய காலத்தைக் காட்டுகின்றது.

இரண்டாவது ஆதாரம் எழுத்துச் சான்று. யாழ்ப்பாண மன்னர் ‘சேதுகாவலர்’ என்ற விருதுப்பெயர் உடையவர்கள். செகராசசேகரமாலை என்னும் சோதிட நூல் அவர்களை இராமேசுவரத்து அந்தணர் மரபோடு தொடர்புபடுத்துகின்றது. இடபக்கொடியும் அவர்களுக்கு உரியது. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவில் அகப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைப் பாடுகின்றது. அதன் தலைப்பில் மங்கலச் சொல்லாக நிற்பதும் ‘சேது’ என்பதே. கல்லிலும் காசிலும் ஒரே சொல்.

மூன்றாவது ஆதாரமே நமக்கு மிக முக்கியமானது. இக்காசுகள் எங்கே அகப்பட்டன? யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனை அடுத்த பெருநிலத்திலும் அவை மிகுதியாக அகப்பட்டன. சிறு செப்புக்காசு தூரதேசம் செல்வதில்லை. பொன்னும் வெள்ளியும் வணிகரோடு கடல் கடக்கும். வெற்றிலை பாக்கு வாங்கும் செப்பு, பிறந்த சந்தையைச் சுற்றியே திரியும். ஆகவே எங்கே மிகுதியாகக் கிடக்கின்றதோ அங்கேயே அது வழங்கிற்று என்று கொள்ளல் தகும். பிரெக்கிளேபன் புதையல் ஊமைக் காசுக்கு ஊர் சொன்னதுபோல, வடபுலத்து மண் சேதுக் காசுக்கு உரியவனைச் சொல்லிற்று.

இங்கே ஜேர்மனிக்கும் நமக்கும் உள்ள வேற்றுமையையும் கூறல் வேண்டும். அங்கே குருவே அரசர். இங்கே அரசன் குரு அல்லன். அந்தணர் வழியினன் என்ற பெருமையையும், புண்ணியத் துறையின் காவலன் என்ற கடமையையும் உடைய அரசன். அங்கே மலை வெள்ளி தந்தது. இங்கே வெள்ளிச் சுரங்கம் இல்லை. கடல் முத்துத் தந்தது, வன்னிக் காடு யானை தந்தது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபன் பத்தூத்தா என்னும் யாத்திரிகர், ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளப் பகுதியிற் கண்டு பேசினார். அவர்முன் முத்துக்கள் குவிந்திருந்தமையையும், அவர் பாரசீக மொழியை அறிந்திருந்தமையையும் எழுதிவைத்தார். வெளிநாட்டு வாணிபத்துக்கு முத்து. உள்ளூர்ச் சந்தைக்குச் சேதுக் காசு. அந்த அரசர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டப்பெயர்களை மாறிமாறிச் சூடினர். எந்தச் செகராசசேகரன் அடித்தான் என்று காசு சொல்லாது. அரசர் மாறினும் சேது மாறவில்லை. மேற்றிராணியார் மாறினும் புனித மௌரீசு மாறாதது போன்றதே இதுவும்.

அந்த இராச்சியம் 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வந்தனர். புதிய காசுகள் வந்தன; சேதுக் காசு வழக்கொழிந்து மண்ணுக்குள் மறைந்தது. அம்மன்னரின் அரண்மனைகளும் ஏடுகளும் பெரும்பாலும் அழிந்துபோன நிலையில், அவர்கள் கையாற் செய்யப்பட்டு இன்றும் நம் கைக்கு எட்டக்கூடிய சான்று இச்சிறு செப்புத்துண்டே.

இனி அக்கராயனுக்கு வருவோம். அதற்கு வடமேற்கே இருக்கும் பூநகரிப் பகுதியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அவர்கள் ஊர் ஊராகச் சென்று தொல்பொருள் ஆய்வு நடத்தி, 1993ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார்கள். இலங்கைத் தமிழரின் பண்டைய காசுகளைப் பற்றியும் அவர்கள் தனிநூல் எழுதினார்கள். வன்னியும் பழம்பொருள் நிறைந்த நிலமே என்பதற்கு அத்தகைய ஆய்வு போதிய சான்று. பூநகரியில் இருப்பது அக்கராயனில் இராது என்று யாரும் சொல்லமுடியாது.

ஆகையால் வன்னியில் வாழும் நேயர்களுக்குச் சில வார்த்தை சொல்லி முடிக்க விரும்புகின்றேன்.

முதல் வார்த்தை உயிரைப் பற்றியது. மண்ணில் மின்னும் உலோகமெல்லாம் காசன்று. போர் நடந்த நிலம் இது. இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாதீர்கள், தட்டாதீர்கள், பிள்ளைகளையும் விலக்கி, உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள். காசைவிடப் பிள்ளையின் கை பெரிது.

இரண்டாவது, காசு என்று ஐயமறத் தெரிந்தால் அதைத் தேய்க்காதீர்கள். புளியும் சாம்பலும் அமிலமும் பச்சையை மாத்திரம் எடுப்பதில்லை. எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும். பிறைக்கும் எருதுக்கும் கீழே உள்ள இரண்டு எழுத்தும் போய்விட்டால், பின்னர் அது வெறும் செப்பு. ஒரு தாளில் மடித்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, பல காசுகள் ஒன்றாக அகப்பட்டால் அவற்றைப் பங்கிட்டுக்கொள்ளாதீர்கள். அவை இருந்த பானையின் உடைந்த ஓடுகளையும் எறியாதீர்கள். இன்ன வயலில், இன்ன வாய்க்காலுக்கு அருகில், இத்தனை முழ ஆழத்தில் என்று ஒரு துண்டில் எழுதி அதனோடு வையுங்கள். அந்தத் துண்டுக் காகிதம் காசைப்போலவே மதிப்புடையது. ஏனெனில், கொழும்புக் கடையொன்றில் ஒரு சேதுக் காசைக் கண்டால் அது சேதுக் காசு என்று மாத்திரமே நாம் அறிவோம். அக்கராயன் வயலில் கண்டால், சேது மன்னரின் காசு அக்கராயன் சந்தையில் செல்லுபடியாயிற்று என்று அறிவோம். முன்னையது ஒரு பொருள், பின்னையது சரித்திரம்.

நான்காவது, சட்டத்தையும் மறவாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருளைக் கண்டெடுத்தவர் அதனை அறிவித்தல் கடமை. கிராம அலுவலரிடமோ பொலிஸ் நிலையத்திலோ தொல்பொருளியல் திணைக்களத்திலோ தெரிவிக்கலாம். யாழ்ப்பாணத்தில் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையும் நமக்கு எட்டிய தூரத்தில் இருக்கின்றன. புதையல் தேடி இரவில் நிலம் கிண்டுவோர் எடுப்பது செப்பைத்தான். அழிப்பதோ செப்பு இருந்த இடத்தை. அழிந்த இடத்தை எந்த நூதனசாலையாலும் மீட்டுத்தர இயலாது.

இவ்வளவும் ஒரு செப்புக்காசுக்காகவா என்று சிலர் கேட்கலாம். ஆம், ஒரு செப்புக்காசுக்காகவே. அரசன் பெயர் எழுதிய பொற்காசு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். எவர் கைக்குப் போனாலும் தன் பெயரைச் சொல்லும். கிருட்டிணதேவராயரின் பொற்காசு உலகில் எங்கே இருந்தாலும் அவருடையதே. பெயர் எழுதாத காசுக்கு அந்த வல்லமை இல்லை. அதன் பெயர் மண்ணிலே எழுதப்பட்டிருக்கின்றது. மண்ணிலிருந்து பிரித்துவிட்டால் அதன் உரிமையைப் பிறர் கொண்டுபோவர். அப்படி ஒருமுறை கொண்டுபோனதையும், ஒரு துறவியின் உழைப்பால் அது மீண்டதையும் சற்று முன்னர் கூறினேன். ஜேர்மனியில் ஒரு சிற்றூரின் புதையல் சிதறாமல் ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தமையால் பல நகரங்களின் சரித்திரம் விளங்கிற்று. அக்கராயனில் அடுத்த முறை கிணறு வெட்டுகின்றவர் தம் மண்வெட்டியின் நுனியில் ஒரு பச்சைத் துண்டைக் கண்டால், வேலையைச் சற்று நிறுத்தி, இடத்தைக் குறித்துக்கொண்டு, உரியவரிடம் ஒரு சொல் சொல்லியனுப்பட்டும். அவ்வளவு போதும்.